கடலுக்கடியில் எனக்கொரு குடும்பம்

கதை எழுதுகிறவனுக்குத் தன் கதையைப் பொய் என்று ஒப்புக்கொள்ள வாய் வராது. இந்த வீம்பால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்தேன். வேலை நேரம் போக விஞ்ஞானக் கதை எழுதுவேன். (வேலை நேரத்திலும்தான்.) ஓர் இணைய இதழில் முதல் கதை வந்தது. கீழவைப்பார் கடலுக்கடியில், செவுள் உள்ள ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு முத்துச்சிப்பி வளர்த்து வாழ்கிறவன் தன் வாயால் சொல்லும் கதை. நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று அவனுக்கு என் பெயர், என் அப்பா பெயர், என் ஸ்கூட்டர் நம்பர் எல்லாவற்றையும் கொடுத்திருந்தேன். (பரிசு கொடுக்க வருகிறவர்கள் ஆள் தெரியாமல் அலையக் கூடாது பாருங்கள்.)

அடுத்த மாதமே நாசரேத்தில் பியூலாவை எனக்கு நிச்சயம் செய்தார்கள். எங்கள் கிறிஸ்தவர்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டாம் ஞாயிறு, பியூலாவைப் பார்க்கிற சாக்கில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

வாசித்து முடித்ததும் பியூலாவின் பெரியப்பா எழுந்தார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், ஆயுளில் ஒரு கதை படித்தறியாதவர். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறேன் என்று என் பெயரைப் போனில் தட்டிப் பார்த்திருக்கிறார். கையில் பதினோரு பக்கப் பிரிண்ட் அவுட்.

"ஐயா, தடை உண்டும். மாப்ளைக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கா. கீழவைப்பார்ல."

ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். குருவானவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குச் செவுள் இருப்பதாகப் போட்டிருக்கிறதே என்றார்.

"அவ உடம்புல உள்ள கொறைய நாம பேசப்படாது, ஐயா. ரெண்டு புள்ளையள வச்சிக்கிட்டு என்ன பாடு படுதாளோ," என்றார் பெரியப்பா.

மாமனார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இது பொய்தானே என்று. ஆமாம் என்றால் தீர்ந்தது. ஆனால் அது என் முதல் கதை.

"பொய்னு சொல்ல முடியாது மாமா. இதுல ஆழமான உண்மை இருக்கு," என்றேன்.

மாமியார் அழ ஆரம்பித்தார். இனிப் பியூலா எனக்கில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதுவரை மூலையில் நின்று அந்தப் பதினோரு பக்கத்தையும் படித்துக்கொண்டிருந்த பியூலா நிமிர்ந்தாள்.

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

துறைமுக ஊர்க்காரன் சபையில் சொல்லக் கூடாத பதில். தெரியாது என்றேன்.

"நீச்சல் தெரியாத மனுசன் கடலுக்கடியில எப்படி குடும்பம் நடத்துவாரு, பெரியப்பா?"

பெரியப்பா கண்ணை மூடி அதைச் சரிபார்த்தார். விடை ஒத்துவந்தது போல, தடையில்லை என்றார். ஆனால் வாத்தியார் இல்லையா, அதைக் கதைக்குக் கீழே எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். வெளியே வரும்போது பியூலா, கதை சுமார்தான் என்று மட்டும் சொன்னாள்.

இன்றும் என் கதை எந்தத் தளத்தில் வந்தாலும் பெரியப்பா தேடிப் பிடித்து, நேராகக் கடைசி வரிக்குப் போகிறார். அந்தக் குறிப்பு இல்லையென்றால் போன் வந்துவிடும். போன மாதம் செவ்வாய் கிரகத்தைப் பற்றி ஒரு கதை எழுதினேன். சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதன் கீழும் இருக்கிறது: 'ஆசிரியருக்கு ஒரே மனைவி. நீச்சல் தெரியாது.'