அப்சானா சத்துமாவின் சர்வீஸ் கணக்கு

மேல்பட்டாம்பாக்கம் அஷ்ஃபாக் அண்ணனுக்கு, நெய்வேலியிலிருந்து தங்கை ஆஃப்ரீன் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மச்சானும் அப்சானாவும் சுகம். சத்துமாவின் பெயருக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தபோது நான் அரைத்த மாவுக்குப் பிள்ளையின் பெயரையே வைத்து, பொக்கைவாய்ச் சிரிப்போடு அவள் படத்தையும் சேர்த்து, உங்கள் பெயரில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தீர்களே, அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்று நான் கேட்கும்போதெல்லாம் உங்கள் மச்சான், "ரெஜிஸ்டர் ஆயிடுச்சுல்ல? அப்ப பெர்மனென்ட்டுடி. கான்ட்ராக்ட்காரன் மாதிரி பயந்துகினு இருக்காத" என்பார். மைன்ஸில் வேலை பார்ப்பவருக்கு உலகத்தில் பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று இரண்டே வகை. சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பத்து வருஷம்தான் என்று போட்டிருக்கிறது. அப்போதும் மனுஷன் அசரவில்லை, "சான்றிதழ் வந்து எட்டு வருஷம்தான ஆவுது, இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு" என்றார். நகரியத்தில் கான்ட்ராக்டில் உழைத்த வருஷங்களை யார் சேர்க்கிறார்கள், பெர்மனென்ட் ஆர்டர் வந்த தேதிதானே பிறந்த தேதி! ஆனால் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே கணக்காம் அண்ணே. அப்படிப் பார்த்தால் பத்து வருஷம் முடிந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. கேட்டதும், "நம்மளவிட இதுக்கு நல்ல யூனியன் இருக்கும் போலருக்கே" என்கிறார்.

நல்ல வேளை, முடிந்த பிறகும் ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கலாம். பத்துப் பத்து வருஷமாக எத்தனை தடவை வேண்டுமானாலும் நீட்டலாம், ரிட்டயர்மென்ட்டே கிடையாது. நாமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் அப்சானா மாவு பாக்கெட்டில் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் ஒருமாதிரி இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டால் நாளைக்குக் குள்ளஞ்சாவடியில் யாராவது என் பிள்ளை பெயரில் மாவு விற்பார்கள், நான் என்ன செய்வேன்? எனவே உரிமையாளரான நீங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டுத் தரவும். அண்ணிக்கு சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

தூக்கமில்லாத தங்கை,
ஆஃப்ரீன்

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லி அப்சானாவிடம் கொடுத்தேன், உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டாள். "என்னைக் கேட்டியாம்மா? கிளாஸ்ல எல்லாரும் சத்துமாவுன்னுதான் கூப்பிடுறாங்க. மாமா சைன் போடவேணாம். பத்து வருஷம் போஸ் குடுத்துட்டேன்ல, இனிமே உன் மூஞ்சியப் போட்டுக்கோ." வெள்ளிக்கிழமை வர வேண்டாம் அண்ணே. ஆறு மாதத்தில் நான்கு மிச்சமிருக்கிறது. அவள் மனதை மாற்ற முடியாது. என் மனதை மாற்ற நான்கு மாதம் போதுமா, பார்க்கிறேன்.