இருநூறு பூட்டுக் கொடிகள்

பூட்டுக் கட்சி தோற்றுவிட்டது. சும்மா தோற்கவில்லை. தையல்காரரின் கடையில் இருநூறு வெற்றிக் கொடிகளைத் தேங்கவிட்டுத் தோற்றது.

தைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஜெயித்த கையோடு கொடிக்கு அலைவார்கள், நாம் நீட்டினால் கட்சியில் ஒரு பதவி விழும் என்று அவராக நினைத்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சட்டைக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் துணி மொத்தமும் கொடியாகிவிட்டது. துணியை வெட்டியது அவர். பூட்டுப் படத்தை ஒட்டித் தைத்தது மனைவி.

மாகாணப் பேரவையில் அறுபது இடம். பூட்டுக்கு ஏழு. போன வருஷம் அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த சாவிக் கட்சிக்கு நாற்பத்தொன்று. பிரிந்தபோதும் நிறத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் அதே மஞ்சள்தான்.

தையல்காரர் டிவியை அணைத்தார். அணைத்தும் ஏழு ஏழாகவே இருந்தது.

"கடைக்கு வந்தவன் அத்தனை பேரும் பூட்டுதான்னு தலையாட்டினானே."

"கையில கத்தரிக்கோலோட நின்னு கேட்டா எவன் ஆட்டமாட்டான்?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அளவு கொடுக்க வந்த பொம்பளைங்க பேசினாங்க. குழாய்ல தண்ணி வரலை, இந்தத் தடவை சாவிதான்னு. கேட்டுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். நீங்க அப்ப மேடையில பேசிட்டிருந்தீங்க."

"எந்த மேடையில?"

"நம்ம கட்டில் மேல."

அவர் பேச்சை மாற்றினார். "பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் சொல்றது? பூட்டு தைச்ச சட்டையோட போனா பிள்ளைங்களை ஜெயில்லேருந்து வந்ததுங்கன்னு சொல்வாங்க."

மனைவி ஒரு கொடியை எடுத்தாள். ஓரத்து நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. பூட்டு கழன்று அவர் மடியில் விழுந்தது.

"என்னடி தையல் இது?"

"இழுத்தா வர்ற தையல்."

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். உள்ளே கறுப்புத் துணியில் வெட்டிய சாவிகள். இருநூறு.

"இதையும் யாரும் கேக்கலியே?"

"கேட்டாங்க, ஒரு மாசம் முன்னாடி. பள்ளிக்கூடத்துக்கு வேற துணியும் வாங்கி அலமாரியில வெச்சாச்சு. மெஷின்ல உக்காருங்க. நாளைக்கு ஊர்வலம்."

உட்கார்ந்தார். நூறாவது சாவி தைக்கும்போதே கொள்கை மாறிவிட்டது. மறுநாள் நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார்: "நான் ஆரம்பத்துலேருந்தே சாவிதான்." நம்பும்படியாகத்தான் இருந்தது.

வேன் வந்தது. கொடிக்கட்டைத் தாமே தோளில் சுமந்து ஏற்றினார். ஏற்றிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி, "நான் ஆரம்பத்துலேருந்தே..." என்று தொடங்கினார்.

"சரிங்கண்ணே," என்றான் வேன்காரன். "பகுதிச் செயலாளர் கையெழுத்து வேணும். கொஞ்சம் கூப்பிடுங்க."

"அவர் எங்க இருக்கார்னு எனக்கெப்படித் தெரியும்?"

வேன்காரன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வணக்கம்க்கா," என்றான்.

மெஷினை நிறுத்தி, சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு எழுந்து வந்தார் பகுதிச் செயலாளர், தையல்காரரின் மனைவி.