துர்க்கிஸ்தான் தாண்டியதும் வந்த நல்ல சேதி

இந்தக் குளிர்காலத்தில் ஆற்றைவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்திருக்க மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். சத்தம் போட்டு அல்ல, மனதுக்குள். என் சபதங்கள் எல்லாம் அங்கேதான் பத்திரமாக இருக்கும்.

எங்கள் கிசிலோர்தாவில் சிர் தாரியா ஆறு உறைந்துவிட்டால் எனக்குப் பித்துப் பிடித்துவிடும். பனிக்கட்டியில் ஒரு துளை, பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் நான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மீன்கூடக் கேட்காது. அந்தச் சில மாதங்கள்தான் நான் துய்செபாய் என்கிற மனிதன். மற்ற மாதங்களில் உல்மெகனின் கணவன்.

அந்த நேரம் பார்த்து அல்மாட்டியில் எங்கள் மகள் அயகோஸுக்குப் பேறுகாலம் நெருங்கியது. போய்க் குழந்தையைப் பார்த்து, முகர்ந்து, அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்புவது என் திட்டம். உல்மெகனின் திட்டம் வேறு.

"குழந்தை நடக்கிற வரைக்கும் நாம அங்கதான். நம்ம சடங்குப்படி கால்ல கயிறு கட்டி, அதை வெட்டிவிட்டு, அது முதல் அடி வெச்ச பிறகுதான் ஊருக்கு."

"அதுக்கு ஒரு வருஷம் ஆகுமேடி!"

"ஆகட்டுமே. இங்க யாரு உங்களத் தேடுறா? மீனா?"

"தேடும்."

"அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உருளைக்கிழங்கு மூட்டையை யாரு தூக்குறது? ஒதகாசி இல்லாம ஒரு வீடு நடக்குமா?"

ஒதகாசி என்றால் வீட்டுத் தலைவர். எங்கள் பெண்கள் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலைவரின் வேலை தலையாட்டுவது.

ஆனால் இந்த முறை என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. சுயுன்ஷி! நல்ல சேதி கொண்டுவருகிறவர் முதலில் அப்படித்தான் கத்துவார். கேட்கிறவர், என்ன சேதி என்று தெரிவதற்கு முன்பே, "வேண்டியதைக் கேள்" என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் மட்டும் உல்மெகன்கூட வாக்கு மாற மாட்டாள். அதனால், போன மாதம் ஊருக்கு வந்த மருமகன் மதியாரைத் தனியாகப் பிடித்தேன். என் நரித்தோல் தொப்பியை அவன் தலையில் வைத்தேன். குழந்தை பிறந்ததும் முதல் அழைப்பு எனக்குத்தான் என்று சத்தியம் வாங்கினேன். அவன் சொல்வான், நான் கத்துவேன், அவள் "கேள்" என்பாள், நான் என் ஆற்றைக் கேட்பேன்.

சாயங்காலம் ரயில் ஏறினோம். கீழ்ப் படுக்கை அவளுக்கு, மேல் படுக்கை எனக்கு. எதிரே பிபிகுல் அக்கா என்று ஒரு பெரிய மனுஷி. அவர் படுக்கைக்கு அடியில் முலாம்பழங்கள். பெட்டி முழுக்க அந்த வாசனை. நான் போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு தேநீர் குடித்தேன்.

"என்ன தம்பி, நெஞ்சு வலியா? கையை எடுக்கவே மாட்டேங்கிறீங்க?" என்றார் பிபிகுல் அக்கா.

"அவருக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது," என்றாள் உல்மெகன்.

"பாசம், அக்கா. பொண்ணு நெனப்பு," என்றேன்.

"பாசம் அடிக்கடி மினுமினுன்னு வெளிச்சம் போடுதே?" என்றார் அக்கா.

நான் மேல் படுக்கைக்கு ஏறிவிட்டேன்.

அந்த இரவை எப்படிச் சொல்வது! விளக்கை அணைத்ததும் ஸ்டெப்பி வெளி முழுக்க நிலா கொட்டிக் கிடந்தது. உப்புப் பூத்த தரை வெளுப்பாக ஓடியது. எங்கோ ஓர் ஒற்றை விளக்கு வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனது. தூங்கிவிடக் கூடாது என்று கண்ணை அகலத் திறந்தேன். ரயில் என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியது. வெளியே போவது தரையா ஆறா என்று குழம்பியது. கொஞ்ச நேரத்தில் ஆறேதான் என்று முடிவாகிவிட்டது.

உறைந்த ஆற்றின் நடுவே என் படுக்கை போய்க்கொண்டிருந்தது. கீழே பனிக்கட்டிக்குள் நட்சத்திரங்கள் நீந்தின. துளையிலிருந்து பெரிய கெளுத்தி ஒன்று மீசையோடு எட்டிப் பார்த்தது. என்ன பரிவான முகம்!

"சுயுன்ஷி!" என்றது கெளுத்தி.

"வேண்டியதைக் கேளு ராசாத்தி," என்றேன்.

"என் காலில் கட்டின கயித்தை வெட்டுற வரைக்கும் என்கூடவே இருக்கணும்."

மீனுக்கு ஏது கால்? எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இருக்கேன், இருக்கேன்! இந்தா, இதையும் எடுத்துக்கோ!" என்று சட்டைக்குள்ளிருந்த போனை எடுத்து நீட்டினேன். கெளுத்தி அதை வாயில் கவ்விக்கொண்டு துளைக்குள் இறங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

விழித்தபோது ஜன்னலில் வெயில். சட்டையைத் தடவினேன். போன் இல்லை. குனிந்து பார்த்தேன். உல்மெகனின் தேநீர்க் கோப்பை பக்கத்தில் என் போன்.

"அது எப்படி உங்கிட்ட வந்துது?"

"நீங்கதான் 'எடுத்துக்கோ'ன்னு நீட்டுனீங்க. சுயுன்ஷி கேட்டேன், குடுத்தீங்க. பேரப்பிள்ளை நடக்கிற வரைக்கும் அல்மாட்டியிலேயே இருக்கேன்னும் சொன்னீங்க."

"தூக்கத்துல சொன்னது செல்லாது!"

"'ராசாத்தி'ன்னு கூப்பிட்டாரு, நான் கேட்டேனே," என்றார் பிபிகுல் அக்கா, முலாம்பழத்தைக் கீறிக்கொண்டே. "முப்பது வருஷம் வாழ்ந்து எங்க வீட்டுக்காரரு என்னை ஒரு தடவை அப்படிச் சொன்னதில்ல. செல்லும் தம்பி."

கோபம் வந்தது. ஆனால் பாதியிலேயே வேறொன்று உறைத்தது. சுயுன்ஷி என்றால் சேதி வந்துவிட்டது! நான் தாத்தா! கண்ணில் நீர் முட்டியது. ஆறு போனால் போகிறது, ஓடவா போகிறது, உறைந்துதானே கிடக்கிறது. தடுமாறிக் கீழே இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, தோத்துட்டேன். ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷம் மூட்டை தூக்குறேன். சீக்கிரம் சொல்லு, ஆணா பொண்ணா?"

"என்ன ஆணா பொண்ணா?"

"குழந்தைடி!"

"அயகோஸுக்கு இன்னும் வலியே எடுக்கலியே."

"அப்போ ராத்திரி எந்த நல்ல சேதிக்குச் சுயுன்ஷி கேட்டே?"

உல்மெகன் எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

"துர்க்கிஸ்தான் ஸ்டேஷன்ல பூட்டி வெச்ச நம்ம பெட்டி கக்கூஸை, வண்டி கிளம்பினதும் திறந்துட்டாங்க."