பரவாயில்லை

"அருமை" என்று மிஸஸ் ஹாலோவே சொன்னதும் கிளைவ் சமையலறைக்கு ஓடினார்.

இங்கிலாந்தின் செவர்ன் நதிக்கரையில் நல்லதை யாரும் அருமை என்பதில்லை. பேரன் பிறந்தால்கூட "பரவாயில்லை" என்பார்கள். அருமை என்பது, வாயில் வைக்க முடியாத டீயைக் கீழே வைக்கும்போது மரியாதைக்குச் சொல்வது.

அந்த அம்மாளோ, பள்ளத்தாக்கில் எங்கெல்லாம் தங்கலாம் என்று கையேடு எழுத லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர். அதில் பெயர் வராவிட்டால் 'நாரை இல்லம்' விடுதியை மூடிவிட்டு, கிளைவும் மனைவி மாவிஸும் மாவிஸின் அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் குடியேற வேண்டியதுதான். அக்கா இப்போதே காரைத் தெருவில் நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தார்.

வந்த அன்றே ஆற்றுப் பனியில் தொண்டை கட்டிவிட்டதால், மிஸஸ் ஹாலோவேயின் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"எதைச் சொன்னாங்க?" மாவிஸ் சமையலறையில் கேட்டார்.

"கட்டிலை. அந்தக் காலத்துல போர்ல தோத்த மன்னர் ஓடி ஒளிஞ்சப்போ படுத்தாராமே, அதை."

"போச்சு. இடுப்பு ஒடிஞ்சிருக்கும். உடனே மாத்து."

மாற்றினார்கள். கட்டில் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கி, ஜன்னலை உடைத்துக்கொண்டு பாதி வெளியே நின்றது.

மிஸஸ் ஹாலோவே அதன்மேல் ஏறிக் குதித்து இறங்கினார். "அற்புதம்! ஆறு முழுக்கத் தெரியுதே!"

"அற்புதமாம்" என்றார் கிளைவ், வெளிறிப்போய்.

"குளிருதுன்னு குத்திக்காட்டுறாங்கய்யா. கணப்பை மூட்டு!"

மூட்டினார். புகைபோக்கிக்குள் காக்கை கூடு கட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கூடத்தை நிறைத்த புகைக்குள்ளிருந்து கரிபிடித்த காக்கை ஒன்று வந்து, விருந்தாளியின் ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு, உடைந்த ஜன்னல் வழியே போனது.

"வாழ்நாள்ல மறக்கமாட்டேன்" என்றார் மிஸஸ் ஹாலோவே, கண்ணீர் மல்க. கிளைவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கிவிட்டு டாக்சியில் ஏறினார்.

"ரெண்டு கையாலயுமா?" மாவிஸ் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தார்.

சற்று நேரத்தில் டாக்சி டிரைவர் திரும்பி வந்தார். "அம்மா குடையை மறந்துட்டாங்க. ஸ்டேஷன் வரைக்கும் உங்க வீட்டுப் பேச்சுதான் சார்."

"அருமைன்னாங்களா?"

"மூச்சுக்கு ஒரு தடவை."

கிளைவ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சார் முகம் தொங்குது? வழியிலதான் அவங்க தொண்டை திறந்துச்சு, பேச்சுலயே எந்த ஊர்னு தெரிஞ்சுபோச்சு. அமெரிக்காக்காரங்க சார் அவங்க! அருமைன்னா, அருமைதான்."