புறா விரட்டக் கட்டிய இசைத்தட்டு

அன்புள்ள தம்பிக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக எழுதாததால், சுகம் என்றே வைத்துக்கொண்டு, தினமும் காலை ஜெபத்தில் உன்னையும் சேர்த்துச் சொல்லி வருகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, நீ அனுப்பிய சி.டி. இசைத்தட்டு எங்கள் வீட்டில் முதன்முதலாக ஓடியது. அப்போது இருந்தவர்கள்: நான், உன் அத்தான் (குளியலறையில், தலையில் சோப்புடன்), வாஷிங் மெஷின் பழுது பார்க்க வந்தவர், பால்கனிக் கம்பியில் இரண்டு புறாக்கள். வேறு ஒருவரும் இல்லை. யார் யார் இருந்தார்கள் என்று எழுதாமல் அக்கா ஒரு விஷயத்தையும் தொடங்க மாட்டாள் என்று கேலி செய்வாய். செய்துகொள். பின்னால் யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, குறிப்பாக உன் அத்தான்.

தட்டு எப்படி ஓடியது என்று கேட்பாய். நீ அதை அனுப்பிய வருஷம் உறையைப் பார்த்தேன். ஏழு கை வைத்த எலும்புக்கூடு ஒன்று தன் மண்டையைத் தானே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் வயசுப்பெண் இருக்கிறாளே என்று உறையைப் பேப்பரில் சுற்றித் தையல் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். தட்டு மட்டும் பளபளவென்று இருந்தது. அந்தச் சமயம் பால்கனியில் புறாத் தொல்லை தாங்கவில்லை, துவைத்துப் போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்கும்படி ஆயிற்று, பளபளப்பான சாமான் எதையாவது தொங்கவிட்டால் புறா வராது என்று யாரோ சொன்னார்கள், நானும் நடு ஓட்டையில் நூலைக் கோத்துக் கம்பியில் கட்டிவிட்டேன். புறாக்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டதோடு சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தன. ஆனாலும் அவிழ்க்கவில்லை. ஏன் அவிழ்க்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மெஷின் சில நாளாகவே துணி பிழியும்போது இருந்த இடத்தை விட்டு நகர்ந்து வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்ததால், பழுது பார்க்கிறவரை வரச் சொன்னோம். நாற்பது வயசு இருக்கும், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல அடக்கமான மனுஷர். குழாயைக் கழற்றித் தண்ணீர் வடிக்கப் பால்கனிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் தட்டைக் கையில் பிடித்து எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்கிறார்.

“அக்கா, இதை இங்க யாரு கட்டினது?”

“நான்தான். புறாவுக்கு.”

“இது என்னன்னு தெரியுமா அக்கா?”

“என் தம்பி டிரம்ஸ் அடிச்சது.”

அவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடப் பிறந்த தம்பியா, இல்லை சொந்தத்தில் தம்பி முறையா என்று விசாரித்தார். கூடப் பிறந்ததுதான், தூக்கி வளர்த்ததும் நான்தான் என்றேன். இது டெக்னிகல் டெத் மெட்டல் என்கிற, கணக்குப் போட்டு அடிக்கும் முரட்டு ராக் இசையில் ஒரு கிளாசிக் என்றும், இந்த ஒரு தட்டைத் தேடித் தான் எட்டு வருஷம் அலைந்ததாகவும், அது கிடைக்காமல் கடைசியில் போனில் ஏற்றிக்கொண்டு திருப்திப்பட்டதாகவும் சொல்லி, சட்டையில் கையைத் துடைத்து, நூலை அவிழ்த்து, பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி ரெண்டு கையிலும் வாங்கினார். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன பிளேயர் பரணில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

முதல் பாட்டு தொடங்கியதும் உன் அத்தான் குளியலறையிலிருந்து, “மெஷினை நிறுத்தச் சொல்லு, உள்ள ஏதோ ஒடைஞ்சு சுத்துது” என்று கத்தினார். மெஷின்காரர் மிகவும் மரியாதையாக, “சார், மெஷினை இன்னும் பிளக்ல மாட்டவே இல்ல” என்று சொன்னார்.

எனக்குப் பயம்தான் வந்தது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். பாடுகிறவருக்கு நெஞ்சு பூராவும் சளி கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். நான் எதைச் சொன்னாலும் எண்ணித்தான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே போனால் என் எண்ணிக்கையும் உன் அடியும் ஒரு இடத்தில் ஒன்றாக விழுகிறது, அப்புறம் விலகுகிறது, அப்புறம் மறுபடி விழுகிறது. கண்ணைத் திறந்துவிட்டேன். ரெண்டாவது பாட்டுக்குள் நோட்டும் பென்சிலும் எடுத்து வந்து கோடு போட்டாயிற்று: பாட்டு, எத்தனை எண்ணிக்கை, எத்தனை தரம் மாறுகிறது. ரெண்டாவது பாட்டில் ஒரே அடி பத்தொன்பது தடவை திரும்பி வந்தது, இதுதான் டெக்னிகல் போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். அது தட்டில் கீறல் விழுந்த இடம் என்று மெஷின்காரர் சொன்னதும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

மறுநாள் புது பெல்ட் கிடைக்கவில்லை என்று சொல்ல வந்தவர் (போனிலேயே சொல்லியிருக்கலாம்) உங்களுடைய மற்ற ஆல்பங்களைப் போனில் போட்டுக் காட்டினார். முதல் ரெண்டையும் நான் அந்தக் காலத்திலேயே தலையணை வழியாகக் கேட்டவள். பின்னறையில் டிரம்முக்குள்ளெல்லாம் தலையணையைத் திணித்து நீ அடித்த வருஷங்களில் இந்த வீட்டில் ஒருத்தரும் தலைக்கு வைத்துத் தூங்கியதில்லை. இப்போது தலையணை இல்லாமல் கேட்டதில், முதல் ஆல்பத்தில் நாலு பேரும் நாய் துரத்தின மாதிரி ஓடுகிறீர்கள், எட்டுப் பாட்டும் ஒரே ஓட்டம். ரெண்டாவதில் நிற்கக் கற்றுக்கொண்டீர்கள், ஓடி வந்து சடக்கென்று நின்று, ஒரு மூச்சு, மறுபடி ஓட்டம். மூன்றாவதில், அதுதான் நீ எனக்கு அனுப்பினது, நாலு பேரும் நாலு திசை பார்த்து நடக்கிறீர்கள், ஆனால் ஒருத்தரும் முட்டிக்கொள்ளவில்லை. கிட்டார் ஏழு எண்ணுகிறது, நீ ஐந்து எண்ணுகிறாய், முப்பத்தைந்தாவதில் ரெண்டு பேரும் ஒரே வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறீர்கள். தடித்த கம்பிக் கிட்டார்காரர் முந்தின ரெண்டு ஆல்பத்திலும் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, இதில் தனியாக வந்து வழுக்கி வழுக்கி என்னவோ மனசு விட்டுப் பேசுகிறார், அவருக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்ததா? நாலாவது ஆல்பம் பிசிறே இல்லை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கிறது, பாடுகிறவரும் சளி குணமாகி ராகமாகவே பாடுகிறார். அக்காவுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைப்பாய். இல்லை. சளியே தேவலை.

பாட்டு வரிகளையும் அகராதி வைத்துப் படித்தேன். கடவுளைத் திட்டியிருப்பீர்கள் என்று பயந்தேன். எங்கேயும் திட்டவில்லை, கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதையேதான் தினமும் கேட்கிறேன், கொஞ்சம் மெதுவாக.

இதெல்லாம் சிரிப்பு. இனிமேல் எழுதுவது சிரிப்பில்லை. நாலாவதுக்குப் பிறகு ஐந்தாவது எங்கே என்று கேட்டேன். மெஷின்காரர் ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே, ரெண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லை, டிரம்ஸ் அடிப்பவருக்கு வலது மணிக்கட்டு போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

தட்டு வந்த வருஷம் நான் உனக்கு எழுதின கடிதத்தில் ஒரே விஷயம்தான் இருந்தது: இது இசையில்லை, இந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு இந்த வீட்டுக்கு வா. நீயும் ஒரு வரியில் பதில் போட்டாய்: “நிறுத்தினதும் வர்றேன் அக்கா.” அந்த அஞ்சலட்டை என் ஜெபப் புத்தகத்தில்தான் இருக்கிறது. நீ நிறுத்தவில்லை, அதனால் வரவில்லை என்று இத்தனை வருஷமும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நிறுத்தி ரெண்டு வருஷமாயிற்று என்றால் நீ ஏன் வரவில்லை? கையைக் காட்டிக்கொண்டு வருவதற்குக் கூச்சமா? அக்காகிட்ட என்னடா கூச்சம்?

பொத்தான் டப்பா நினைவிருக்கிறதா. அப்பாவின் தையல் கடையில் மிஞ்சின பொத்தான் நூற்றொன்றைப் பொறுக்கி வைத்து, ஒரு ஜெபத்துக்கு ஒரு பொத்தானாக ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவில் போட்டுக்கொண்டு வருவேன். நீ என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொள்வாய். கடைசியில் நூறோடு நிற்கும். “எடுத்தியாடா?” என்பேன், “ம்ம்” என்று தலையாட்டுவாய், பொத்தான் பல்லில் இடிக்கும். நான் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே எடுப்பாய். மூன்றாவது ஆல்பம் பதிவு பண்ண வேனில் நீ ஏறிப் போன அன்றைக்கும் ஒன்று குறைந்தது. அன்றைக்கு நான் கூப்பிடவில்லை, கோபம். பதினோரு வருஷமாக நூறு பொத்தானும் ஒரு காய்ந்த மொச்சையும் வைத்துத்தான் ஜெபம் ஓடுகிறது. தட்டை ஏன் அவிழ்க்கவில்லை என்றால், அது காற்றில் கம்பியில் இடிக்கும் சத்தம் அந்தப் பல்லில் இடிக்கிற சத்தம் மாதிரியே இருக்கும்.

மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் எல்லாரும் ஒவ்வொருத்தராக நிறுத்திவிடுகிறார்கள். நீ மட்டும் சிம்பலின் (அந்தப் பித்தளைத் தாளத்தின்) நடுக் குமிழில் மெதுவாகத் தட்டிக்கொண்டு வருகிறாய். டப்பாவில் பொத்தான் விழுகிற அதே சத்தம். ஏழு ஏழாகப் பதினான்கு தடவை, பிறகு ரெண்டு. ஆக நூறு. பதினாறு முறை எண்ணிவிட்டேன், நூறுதான். கீறல் விழுந்த இடம் மாதிரி திக்கவும் இல்லை. நூற்றொன்றாவது இன்னும் உன் நாக்குக்கு அடியில்தான் இருக்கிறது, நான் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். இதோ கூப்பிடுகிறேன். எடுத்தியாடா? கொண்டு வந்து குடு.

கை சரியாகி நீ மறுபடி அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி, வா. பின்னறையைக் காலி பண்ணிவிட்டேன். தலையணைக்கும் உன் அத்தானிடம் சம்மதம் வாங்கியாயிற்று. ஆண்டவன் உன் மணிக்கட்டுக்குப் பலத்தையும் உனக்கு வழித்துணையையும் தரட்டும். உன் அத்தான் விசாரித்ததாக எழுதச் சொன்னார், சத்தம் போட்டதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: ஒட்டிய கடித உறையைப் பிரித்து எழுதுகிறேன். பெல்ட் மாட்ட இப்போதுதான் மெஷின்காரர் வந்தார். நூறு கணக்கைச் சொன்னேன். அவர் அந்தக் கடைசிப் பாட்டைத் தன் போனில் போட்டார். பதினான்கு ஏழு, பிறகு மூன்று. நூற்றொன்று. மறுபடியும் போடச் சொல்லி எண்ணினேன், நூற்றொன்றுதான். சி.டி.யில் பாட்டு உள்ளேயிருந்து வெளியே ஓடுமாம், கடைசிப் பாட்டு வெளி ஓரத்தில் இருக்குமாம். பதினோரு வருஷம் காற்றில் ஆடிக் கம்பியில் உரசி உரசி அந்த ஓரம் தேய்ந்துவிட்டதாம், அதனால் ஒரு அடி முன்பாகவே பாட்டு முடிந்துவிடுகிறதாம். அப்படியென்றால் நீ ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. நூற்றொன்றாவதை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டாய். நான்தான் அதை வாங்கிப் புறாவுக்குக் கட்டினேன். மேலே நான் கூப்பிடுவதாக எழுதியதை அடித்துவிடு, நீ கூப்பிட்டுத்தான் பதினோரு வருஷமாயிற்று. நீ வரத் தோதுப்படாவிட்டால் நான் வருகிறேன்; இந்தக் கடிதத்தைத் தட்டின் உறையில் போட்டிருக்கும் கம்பெனி விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், நீ இருப்பது எந்த ஊர், எந்தத் தெரு என்று மட்டும் எழுது. பதில் சீக்கிரம் போடு.