பந்தலுக்குள் ஒரு சூரியன்

உலகில் விஞ்ஞானத்தை வளர்த்த நாடுகள் பல. அதன்மேல் ஒரு பொட்டு வெயில்கூடப் படாமல் காத்த பெருமை சேலம் ஜில்லாவுக்கே உரியது.

அறுபத்திரண்டாம் வருஷம், பங்குனி மாதம். நடுநிலைப்பள்ளி மாணவர்களுக்கான அகில இந்திய விஞ்ஞானப் போட்டியின் ஜில்லாச் சுற்று, வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்தது. வெல்பவருக்கு டில்லிப் பயணம். எட்டாவது படிக்கும் பெருமாயிக்கோ டில்லியைவிட ராசிபுரம் ஹைஸ்கூல்தான் பெரிது. "செயிச்சீன்னா ராசிபுரத்துல ஐஸ்கூலு. இல்லீன்னா காட்டு வேலை" என்று அவள் அப்பா சென்னியப்பன் முடிவாகச் சொல்லியிருந்தார்.

அவள் செய்தது சூரிய அடுப்பு. அப்பாவின் பழைய குடையை மல்லாத்தி, டீக்கடையில் பொறுக்கிய சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளை உள்ளே ஒட்டி, நடுவில் கரி பூசிய செம்பு ஒன்றைப் பொருத்தியிருந்தாள். வீட்டு வாசலில் வைத்தால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அம்மா ராசாத்தி அதில் முட்டை அவித்துப் பார்த்துவிட்டு, மகளை விட்டுவிட்டு அடுப்புக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

விழாக் குழுத் தலைவர், தலைமையாசிரியர் உபகாரசாமி. கடமையே உருவானவர். நடுவராக வரும் பெரிய அதிகாரியின் தலையில் வெயில் படலாகாது என்று குழு 'ஏகமனதாக'த் தீர்மானித்தது. மைதானம் முழுக்கத் தென்னங்கீற்றுப் பந்தல் எழுந்தது. கீற்றின் இடுக்கில் வெளிச்சம் கசிவதாகப் புகார் வரவே, மேலே லாரித் தார்ப்பாயையும் இழுத்துக் கட்டினார்கள்.

பெருமாயி தயங்கித் தயங்கி அவரிடம் போனாள். "அடுப்ப வெளிய வெச்சுக்கட்டுங்களா சார்?"

"கண்காட்சி பந்தலுக்குள்ளதான். வெளிய வெச்சா பந்தலுக்கு என்ன மரியாதை?"

"இதுக்கு வெயில் வேணுமுங்க."

"வெயில் வேணும்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தியா?"

கொடுக்கவில்லை. ஆனாலும் உபகாரசாமி இரக்கமுள்ளவர். அவசரக் கூட்டம் கூட்டினார். தார்ப்பாயைக் கொஞ்சம் ஒதுக்கி ஒரே ஒரு கீற்றை விலக்கலாம் என்றார் ஓர் ஆசிரியர். அப்படி விழும் வெயில் மெல்ல நகர்ந்து அதிகாரியின் நாற்காலிக்குப் போகாது என்பதற்கு யார் ஜவாப்தாரி என்று கேட்டார் இன்னோர் ஆசிரியர். விஞ்ஞானபூர்வமான அந்தக் கேள்வி கீற்றைக் காப்பாற்றியது. கடைசியில், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று வந்து சேர்ந்தது. பட்டப்பகலில் அதைப் பற்றவைத்துக் குடைக்கு மேலே கட்டி, 'தற்காலிகச் சூரியன்' என்று அட்டையும் தொங்கவிட்டார்கள்.

அதிகாரி வந்தார். மாலைகளும் வரவேற்புரைகளும் முடிந்து, நா வறண்டு அடுப்பருகே நின்றார். செம்பில் விரலை விட்டார். பிறகு செம்பையே தூக்கி ஒரு வாய் குடித்தார்.

"ஜில்லுன்னு இருக்கே" என்று மனமாரப் பாராட்டி, மிச்சத்தையும் குடித்து முடித்தார். மீசையில் ஒட்டிய கரியோடு, பெருமாயிக்குச் சைபர் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

 பெருமாயி குடையையும் செம்பையும் வாரிக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து, பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். செம்பு முனக ஆரம்பித்தது; ஆவி கிளம்பியது. பந்தல் வாசலுக்கு ஓடினாள்.

"கொதிக்குதுங்க சார். ஒருக்கா வந்து பாருங்க."

உபகாரசாமி கண்ணுக்கு மேல் கையை வைத்து வெளியே எட்டிப் பார்த்தார். "இந்த வெயில்ல மனுஷன் வெளிய வருவானாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வந்து பார்த்தவர், மகளைக் கூட்டிப்போக வந்திருந்த சென்னியப்பன் ஒருவர்தான். நம்பாமல் செம்புக்குள் விரலை விட்டு, வெடுக்கென்று இழுத்து ஊதிக்கொண்டார். அந்நேரம் ஒலிபெருக்கி முழங்கியது. நமது ஜில்லாவில் போதிய வெயில் இல்லாத காரணத்தால் சூரிய அடுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது. 'தற்காலிகச் சூரியன்' டில்லிக்குத் தேர்வாகியுள்ளது. அதை உருவாக்கிய விழாக் குழுவினர் அனைவரும் உடன் செல்வார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சென்னியப்பன் மகளைப் பார்த்தார். "ஐஸ்கூலு தொறந்ததும் போயிச் சேந்துக்க சாமி."

"நாந்தான் செயிக்கலியேப்பா."

அவர் சுட்ட விரலாலேயே பந்தலைக் காட்டினார்.

"படிச்சவிய அத்தன பேரும் உள்ள உக்காந்திருக்காங்க. வெளிய வந்து பாக்கறதுக்கு ஒரு ஆளாச்சும் படிக்கோணுமல்ல."