நெற்றியில் வைத்த கை

காலில் கட்டுப் போட்டிருந்தால் ஊரே நின்று விசாரிக்கும். காய்ச்சல் என்றால் கஞ்சி வரும். கழுத்து வலி என்று சொல்லிப் பாருங்கள், "ராத்திரி கோணலாப் படுத்திருப்பே" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் என்ன, வருஷக்கணக்காகக் கோணலாகவா படுத்திருந்தேன்?

அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கப் போனவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், கல்யாணத்துக்கு முன்பே, கழுத்து இறுகிவிட்டது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவேன். (மண்டியில் எனக்கு வைத்த பேர் மாட்டு வண்டி.) தலை ஒருநாள் கழன்று மூட்டையோடு போய்விடும் என்ற பயத்தில் தூக்கமும் போயிற்று.

பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பயிற்சி கொடுத்தே வலியைத் தீர்க்கிற ஒரு அம்மா இருந்தார். சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கழுத்து பந்தக்கால் மாதிரி. சுத்தி இழுத்துக் கட்டின கயிறுதான் அதை நிறுத்துது. உங்க கயிறெல்லாம் சோர்ந்துபோச்சு. ஒத்தடம் இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். பலம் பயிற்சியாலதான் வரும்."

உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ள வேண்டும். கை விட்டுக்கொடுக்கக் கூடாது. தலை அசையாது, உள்ளே சதை மட்டும் வேலை செய்யும். அப்புறம் கன்னத்தில் கை, அப்புறம் பிடரியில். "வலிக்கிற அளவுக்குத் தள்ளாதீங்க. கழுத்து இறுகுதுன்னு தெரிஞ்சா எங்க இருந்தாலும் செஞ்சிடுங்க."

எங்கே இருந்தாலும் என்றாரே, பெண் பார்க்கப் போகிற இடத்தைத் தவிர என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா?

ஐயங்கார்குளத்தில் தனம் என்ற பெண்ணைப் பார்க்கப் போனோம். கூட வந்தவர் என் அக்கா புருஷன். மாமா பஸ்ஸிலேயே மிரட்டினார்: "கழுத்துன்ற பேச்சே எடுக்காதே. மூட்ட தூக்குறவனுக்குக் கழுத்து போச்சின்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?" அந்தக் கழுத்தால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

மாப்பிள்ளை என்றால் தலை குனிந்து உட்கார வேண்டுமாம். குனிந்தேன். இறுகியது. வேர்த்துக் கொட்டியது. இப்படியே நின்றுவிட்டால் தாலி கட்டும்போதுகூடத் தரையைத்தான் பார்க்க முடியும்! நெற்றியில் கையை வைத்துத் தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்துத் தனம் காபியோடு வந்தாள்.

கையை எடுத்திருக்கலாம். பாதியில் விட்டால் நரம்பு பிசகிவிடும் என்று (அந்த அம்மா சொல்லவில்லை, நானாகவே பயந்துகொண்டது) கையைக் கன்னத்துக்கு மாற்றினேன்.

தனத்தின் அப்பா எழுந்துவிட்டார். "இன்னாய்யா இது? பொண்ணு காபி எடுத்தாந்தா தலையில கை வெக்கிற, கன்னத்துல கை வெக்கிற! இங்க இன்னா இழவா வுழுந்து கீது?"

"மாப்ள கொஞ்சம் யோசன பண்ற ஆளு" என்றார் மாமா.

"என் பொண்ணப் பாத்தா யோசனையா வருது?"

தனம் டம்ளரை நங்கென்று வைத்தாள். "நைனா, இவங்கள அனுப்பு."

அவள் முகம் கறுத்துப்போனதை என்னால் தாங்க முடியவில்லை. "உன்னப் பாத்து இல்லம்மா! கழுத்து வலி! இது வைத்தியம்!" என்று கத்திவிட்டேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். (அது வைத்தியம் இல்லை, நிஜம்.)

தனம் உள்ளே போகாமல் நின்றாள். "இத பண்ணா வலி போவுதா?"

"ஒரே நாள்ல போவாது. கொஞ்சம் கொஞ்சமா..."

"எனக்குங்கூட கீது. நாத்துக்கட்டு தூக்கித் தூக்கி வந்தது. சொன்னா, கோணலாப் படுத்திருப்பேன்றாங்க."

பிறந்ததிலிருந்து முதல்முறையாக எனக்கு ஒரு கட்சிக்காரி! செய்து காட்டினேன். தனமும் நெற்றியில் கை வைத்தாள். "எங்க, நானு" என்று அவள் அம்மா வந்தாள், சித்தி வந்தாள், கடைசியில் முறைத்துக்கொண்டே அப்பாவும் உட்கார்ந்தார். அந்த வீட்டில் தலைச்சுமை தூக்காத ஆளே இல்லை. எல்லாரும் நெற்றியில் கையோடு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளையைப் பார்க்கலாமென்று பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, யாருடீ பூட்டாங்க!"

ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம் அல்லவா? விசாரிக்கவில்லையே! மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார். தெருவே திரண்டது. பாடைக்கு மூங்கில் வெட்டப் போன புண்ணியவானைத் திருப்பிக் கூட்டி வருவதற்குள் என் காபி ஆறிப்போயிற்று.

தனத்தின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வலிய ஒத்துக்கினவன் வேற எதையும் மறைக்க மாட்டான்" என்றார். தட்டு மாற்றினோம்.

வலி அடியோடு போகவில்லை. பயிற்சியை விடாமல் செய்தால் அடங்கிக் கிடக்கிறது. இன்றும் காலையில் நானும் தனமும் எதிரெதிரே உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தால் போதும், பிள்ளைகள் குரல் கொடுப்பார்கள்: "இன்னிக்கி யாரு பூட்டாங்க?"

தனம் கையை எடுக்காமலே சொல்வாள்: "உங்க நைனா மானந்தான். அன்னிக்கே பூடுச்சி, இன்னும் எடுக்கல."